முந்திரி நாட்டில் ஒரு கணக்கு டீச்சர்

செவ்வாய், தார் எஸ் சலாம், தான்சானியா

வெயிலைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. மார்த்தாண்டத்தில் அறுபது வயது வரை வெந்துவிட்டு வந்தவளை இந்த ஊர் வெயில் என்ன செய்துவிடும்? தன்னார்வலர் பயிற்சி வகுப்பில் என்னோடு உட்கார்ந்திருந்த ஜெர்மன் பையனுக்கும் டென்மார்க்குப் பெண்களுக்கும் முகம் செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது, பாவம். கொசுவலையை மெத்தைக்கு அடியில் எப்படிச் செருகுவது என்று வெகுநேரம் செய்து காட்டினார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். நான் ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கேயும் தெருவுக்குத் தெரு வேம்பு.

மலேரியா மட்டும் விளையாட்டில்லை. தினம் ஒரு டாக்ஸிசைக்ளின் மாத்திரை விழுங்குகிறேன். காய்ச்சல் வந்தால் அன்றே போய் விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இருபது நிமிஷத்தில் தெரிந்துவிடும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ரெண்டு நாள் பார்க்கலாம் என்று படுக்கிற நம் வழக்கம் இங்கே ஆபத்து.

எனக்குக் கிடைத்திருப்பது சி வகுப்பு வசிப்பு அனுமதி. ஏ வகுப்பு முதலீட்டாளர்களுக்கு, பி வகுப்பு வேலைக்கு வருகிறவர்களுக்கு. மாணவர், மிஷனரி, என்னைப் போல் சம்பளமில்லாமல் வருகிறவர் எல்லாம் சி. முத்திரை குத்திய அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “பிசினஸா?” என்றார். “கணக்கு டீச்சர், தன்னார்வலர்” என்றேன். காகிதத்தை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே, “சம்பளம் வாங்காத ம்ஹிந்தி!” என்றார்.

ம்ஹிந்தி என்றால் இந்தியர். இங்கே இந்தியர் என்றால் கடைக்காரர். குஜராத், கட்ச் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சான்சிபார் வழியாக இந்தக் கரைக்கு வந்து, உள்ளூர்க் கிராமங்கள் வரை கடை போட்டார்கள். 1971இல் அரசாங்கம் வாடகைக்கு விட்ட பெரிய கட்டடங்களை எடுத்துக்கொண்டபோது நிறையப் பேர் கனடா, இங்கிலாந்து என்று போய்விட்டார்கள். போனவர் போக, மிஞ்சியவர்கள் இன்னும் நகரத்து வியாபாரத்தில் பெரிய ஆட்கள்தான். ஜெர்மன் பையன் தெருவில் போனால் ‘உதவி செய்ய வந்தவன்’. நான் போனால், கல்லாப்பெட்டியை எங்கே வைத்துவிட்டு வந்தாள் என்று பார்க்கிறார்கள்.

புதன், பஸ்

நான் பாடம் நடத்தப்போகிற தெற்குக் கரை ஊர் முட்வாரா. அதற்கு ஏறக்குறைய 560 கிலோமீட்டர். டிக்கெட்டில் 12 மணி என்று எழுதியிருந்தது. அது காலை ஆறு மணி. ஸ்வாஹிலிக்காரர்கள் பொழுது விடிந்ததிலிருந்து மணியை எண்ணுகிறார்கள்: ஏழு மணி இவர்களுக்கு ஒன்று, எட்டு மணி இரண்டு. சூரியன் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிக்கும் நாட்டில் இதுதான் சரியான கணக்கு என்று எனக்குப் படுகிறது. என் பாட்டி நாழிகை எண்ணியதும் விடியலிலிருந்துதான். போனில் ஒரு நேரம், வாயில் ஒரு நேரம். ஆறைக் கூட்டுவதும் கழிப்பதும் கணக்கு டீச்சருக்கு ஒரு வேலையா?

ரூஃபிஜி ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது பக்கத்து சீட்டுப் பெரியவர் என்னைத் தட்டிக் காட்டினார். 2003இல் திறந்த பாலம். இந்தத் தென்கோடியிலிருந்து வந்து ஜனாதிபதியான பெஞ்சமின் ம்காபாவின் பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் படகுத்துறையில் காத்துக் கிடக்க வேண்டும். மழை வலுத்தால் தெற்கே இருப்பவர்கள் தெற்கேயே. இப்போதும் பெருமழை வந்தால் நிச்சயமில்லை. 2024 மே மாதம் ஹிதாயா புயல் வந்தபோது சாலை அறுந்து லாரிகள் வரிசையாக நின்றனவாம். கதை முடிந்ததும் அவர் கேட்ட கேள்வி: “முந்திரி வாங்கப் போகிறீர்களா?”

லிண்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. எங்கள் ஊரில் கொல்லாமரம் என்போம். குடை மாதிரி கவிந்து தரையைத் தொடும் அதே கிளைகள். போர்ச்சுகீசியர்கள் பிரேசிலிலிருந்து எடுத்து வந்து கோவாப் பக்கமும் மொசாம்பிக் பக்கமும் வைத்துவிட்டுப் போன மரம். கடலுக்கு இந்தப் பக்கம் இவர்களுக்கும் அந்தப் பக்கம் நமக்கும் சோறு போடுகிறது.

வியாழன், வீடு

இரண்டு அறை, தகரக் கூரை, பின்னால் பப்பாளி. மின்சாரம் முன்பணம் கட்டி வாங்குவது. போனில் காசு அனுப்பினால் இருபது இலக்க எண் வரும், அதை மீட்டரில் அமுக்க வேண்டும். சமைக்கும்போது மீட்டர் கீச்சென்று கத்தினால் யூனிட் தீரப்போகிறது என்று அர்த்தம். தண்ணீர் இப்போதைக்கு வாரத்தில் சில நாள்தான் குழாயில் வருகிறது. வந்த அன்று வாளி, குடம், மஞ்சள் எண்ணெய் கேன், கறுப்புத் தொட்டி எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். இதுவும் எனக்குப் புதுசில்லை. என்னைத் திணறடிப்பது வேறு.

வாசல் தாண்டினால் வணக்கம் சொல்ல வேண்டும். ஒரு வணக்கம் போதாது. காலை எப்படி, தூக்கம் எப்படி, வீடு எப்படி, வேலை எப்படி, உடம்பு எப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ‘நல்லது’ என்றே பதில். காய்ச்சலில் கிடந்தவரும் முதலில் நல்லது என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் காய்ச்சலைச் சொல்வார். வயதில் மூத்தவருக்கு ‘ஷிகமூ’, அவர் திருப்பிச் சொல்வது ‘மரஹபா’. என் நரை முடியைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஷிகமூ சொல்கிறார்கள். நான் தெருக்கோடிப் பாட்டியைப் பார்த்துச் சொல்கிறேன். ரொட்டி வாங்கப் போய்வர அரை மணி நேரம் ஆகிறது. முப்பது வருஷம் மணியடித்தால் எழுந்து மணியடித்தால் உட்கார்ந்தவளுக்கு இது பெரிய பாடு. “நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு நடக்கிற உரிமை இங்கே யாருக்கும் இல்லை.

வெள்ளி

பக்கத்து வீட்டம்மா மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டார். நாற்பது வயதிருக்கும், தையல் வேலை. மரச்சீனி, அதாவது மரவள்ளி, என்று கேள்விப்பட்டதும் சந்தோஷமாகப் போனேன். போனால் கிழங்கைக் காணோம், இலை! கிசாம்வு என்று பெயர்.

எங்கள் ஊரில் மரச்சீனி இலையை மேய்ந்து மாடு செத்த கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த இலையில் விஷம் உண்டு, சயனைடு. அதனால் அவர் செய்வதை அடுப்படியிலேயே உட்கார்ந்து பார்த்தேன். கொழுந்தாகப் பறித்த இலையை ஆள் இடுப்புயர மர உரலில் போட்டு உலக்கையால் குத்தினார். பக்கத்தில் மகள் இன்னொரு உலக்கை. ஒன்று ஏறும்போது ஒன்று இறங்கும். பச்சை விழுதான பிறகு மூடி போடாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டார். விஷம் ஆவியோடு போய்விடும் என்பது அவருக்குப் புத்தகம் படிக்காமலே தெரியும். அதற்குள் உட்கார்ந்து துருவுகிற பலகையில் தேங்காய் துருவி, பால் எடுத்து, கெட்டிப்பாலைக் கடைசிக்கு நிறுத்திவைத்தார். அந்தப் பலகை நம்முடையதேதான். உகாலி என்கிற மக்காச்சோளமாவுக் களியை உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழி செய்து, அதில் கீரையை அள்ளிச் சாப்பிட வேண்டும். கொஞ்சம் வறுத்த நெத்திலி இருந்தது. மிளகாய்தான் யாருக்கும் கைவரவில்லை. நான் கொண்டுபோன ஊறுகாயை ஒரு நக்கு நக்கிவிட்டு மகள் வெளியே ஓடிவிட்டாள்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது அவரும் கேட்டார், கொஞ்சம் தயங்கித்தான்: “கடை எப்போது திறப்பீர்கள்?” இல்லை என்று சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை.

ஞாயிறு

இது பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் கரை. பள்ளிவாசல் பாங்குக்குத்தான் எழுகிறேன். ஒரு சிறிய ஆங்கிலிக்கன் கோயிலைத் தேடிப் போனேன். ஆராதனை மூன்று மணி நேரம், அதில் பாதி பாட்டு. ஒவ்வொரு பாடகர் குழுவும் ஆடிக்கொண்டே வந்து பாடிவிட்டுப் போகிறது. நம் சபையில் இப்படி இடுப்பை அசைத்தால் கமிட்டி கூடிவிடும்.

ஆனால் கடைசியில் நடந்தது அப்படியே குமரி மாவட்டத்து அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த முட்டை, வாழைக்குலை, கோழி எல்லாவற்றையும் வாசலில் வைத்து ஏலம். ஒரு சிவப்புப் பெட்டைக்கோழி பத்தாயிரம் ஷில்லிங்கில் தொடங்கியது. நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய முப்பது ஷில்லிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலக்காரர் வாய் ஓயாமல் கேலி செய்து ஏற்றிக்கொண்டே போனார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்தியக்காரி எடுப்பாள் என்று நினைத்திருக்க வேண்டும். நான் இருபதாயிரம் வரை போய் நின்றுகொண்டேன். பென்ஷன்காரியிடம் அவ்வளவுதான். இருபத்தைந்துக்கு ஒரு கிழவர் எடுத்து, கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து, நேராக வந்து கோழியை என் மடியில் வைத்துவிட்டார். ஏலத்தில் எடுத்ததை விருந்தாளிக்குக் கொடுப்பது இங்கே வழக்கமாம். கைதட்டல் அடங்கவே நேரமானது.

உயிருள்ள கோழியோடு பஜாஜியில் வீடு திரும்பினேன். ஆட்டோவுக்கு இங்கே பெயரே பஜாஜிதான். ஓட்டிவந்த பையன் கோழியை விலைக்குக் கேட்டான். பொது விருந்துக்கு இறைச்சியை முஸ்லிம் கையால் அறுப்பதே இங்கே முறை என்பதால், பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் அறுத்தார், அவர் மனைவி சமைத்தார், குருமாவுக்கு மசாலா நான் அரைத்தேன். ராத்திரி இரண்டு வீடும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

திங்கள், பள்ளிக்கூடம்

காலையில் பிள்ளைகளே முற்றம் பெருக்குகிறார்கள். வீட்டிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். ஒரு வகுப்பில் எண்பது பேருக்கு மேல், மேசைக்கு மூன்று பேர். 2016இல் உயர்நிலைப்பள்ளியின் நான்காம் வருஷமான நான்காம் படிவம் வரை கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகு பிள்ளைகள் குவிந்துவிட்டார்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர்கள் அந்த வேகத்தில் வரவில்லை. என்னைக் கூப்பிட்டதே அதற்குத்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தொடக்கப்பள்ளி ஏழு வருஷமும் ஸ்வாஹிலியில். உயர்நிலைப்பள்ளியில் காலெடுத்து வைத்த நாளிலிருந்து எல்லாம் இங்கிலீஷ். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுக் கல்லூரியில் போய் ஊமையாக உட்கார்ந்த என் மாணவர்களை எனக்குத் தெரியும். இங்கே அது பதினாலு வயதில் நடக்கிறது. கரும்பலகையில் 35 சதவீதம் கண்டுபிடி என்று எண்ணாகப் போட்டால் கடகடவென்று போடுகிறார்கள். அதையே “ஒரு வியாபாரி வானொலிப்பெட்டி வாங்கி...” என்று இங்கிலீஷில் எழுதினால் எண்பது தலையும் குனிந்துகொள்கிறது.

செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. நாள் முழுக்க மின்சாரம் இல்லை. பழைய தேர்வுத்தாள் திருத்தினேன்.

புதன், இரண்டாம் படிவம்

லாப நட்டக் கணக்கு. வானொலிப்பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டு, இளம் கணக்கு சார் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, முந்திரியில் கேள்வி போட்டேன். அக்டோபர் மாதம், ஏலம் தொடங்குகிற நேரம், ஊர் முழுக்க அதே பேச்சு. ஒரு விவசாயி கங்கோம்பாவில் இத்தனைக்கு விற்றார், ஏலத்தில் இத்தனைக்குப் போனது, அவருக்கு எத்தனை சதவீதம் நட்டம்?

கங்கோம்பா என்ற சொல் வாயில் வந்ததும் வகுப்பே நிமிர்ந்தது. அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாதவரிடம் பாத்திரக் கணக்கில் அடிமாட்டு விலைக்கு முந்திரியை வளைத்துப்போடுவதற்கு அந்தப் பெயர். சட்டப்படி கூட்டுறவுச் சங்கக் கிடங்கில் போட்டு ஏலத்தில்தான் விற்க வேண்டும். 2018இல் வியாபாரிகள் சொன்ன விலை போதாது என்று அன்றைய ஜனாதிபதி மகுஃபுலி, அரசே கிலோ 3,300 ஷில்லிங்குக்கு எடுக்கும் என்று அறிவித்து ராணுவத்தை இறக்கினார். கங்கோம்பாக்காரர்களைப் பிடிக்க, மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தவர்களிடம் “உன் தோப்பைக் காட்டு” என்று கேட்டார்கள். அப்போது இந்தப் பிள்ளைகள் சின்னக் குழந்தைகள். ஆனால் எல்லோர் வீட்டிலும் அந்தக் கதை இருக்கிறது.

கணக்கு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். “மேடம், உங்கள் நாட்டில் கிலோ எவ்வளவு?”

சரி, அதையும் போடலாம் என்றேன். ஓட்டோடு நாலரைக் கிலோ உடைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ பருப்பு. 2024 அக்டோபரில் முதல் ஏலத்திலேயே கிலோ 4,000 ஷில்லிங்கைத் தாண்டியது. 4,000 என்றே வைத்துக்கொள்வோம். நாலரைக் கிலோ 18,000, நம் காசில் 600 ரூபாய். மார்த்தாண்டத்துக் கடையில் நல்ல பருப்பு நான் கடைசியாக வாங்கியது 950 ரூபாய், 28,500 ஷில்லிங். கரும்பலகையில் மிச்சம் நின்றது 10,500.

“இது யாருக்கு?” என்றாள். அவள் குரலில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வகுப்பு முழுக்க என்னையே பார்த்தது.

சங்கத்துப் பிடித்தம், வரி, கப்பல், ஆலைக்காரர், கடைக்காரர் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். இங்கேயே ஏன் உடைப்பதில்லை என்று ஒருவன் கேட்டான். உடைக்கத்தான் பார்த்தார்கள். உலக வங்கிக் கடனில் இத்தாலிய, ஜப்பானிய இயந்திரங்களோடு ஆலைகள் எழுந்தன. அவை தயாராகிற நேரத்தில் கொட்டையே இல்லை. 1973-74இல் ஒன்றரை லட்சம் டன்னை நெருங்கிய விளைச்சல் 1986-87இல் இருபதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. ஊஜமா என்ற அரசின் கூட்டுக் கிராமத் திட்டத்தின் காலத்தில் மக்களைப் பெரிய கிராமங்களில் கொண்டு குடியேற்றியபோது தோப்புகள் தூரத்தில் கைவிடப்பட்டன. சாம்பல் நோய் வேறு. விளைச்சல் பிறகு திரும்பியது. பெரும்பகுதி இன்றும் ஓட்டோடு இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் கப்பலேறுகிறது.

அப்புறம் பட்டியலில் விட்டுப்போன ஒரு வரியை எழுதினேன்: உடைக்கிறவர் கூலி. என் அம்மா அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவர். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் சாம்பல் பூசிக்கொண்டு, ஒவ்வொரு கொட்டையாக நிறுத்தி ஒரே தட்டு. ஓங்கித் தட்டினால் பருப்பு பிளந்துவிடும், பிளந்தால் கூலி குறையும். ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து, உரிந்த இடத்தில் புதுத் தோல் வரும் முன்னே அடுத்த நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிடும்போது மட்டும் கரண்டி வைத்துக்கொள்வார், எரியும் என்று. மழைக்காலத்தில் உள்ளூர்க் கொட்டை தீர்ந்ததும் வருவது ஆப்பிரிக்காக் கொட்டை. அந்த மூட்டைகளில்தான் நான் பள்ளிக்கூடப் பை தைத்துக்கொண்டேன்.

கணக்கு சார் ஸ்வாஹிலியில் சொல்லி முடிக்கும்வரை சத்தமே இல்லை. “கையுறை கொடுக்கவில்லையா?” என்று கேட்டாள் அதே பெண். இல்லை. அவள் பாட்டியும் தகரத்தட்டில் கொட்டை சுட்டு உடைத்து பஸ் நிறுத்தத்தில் விற்பவராம். விரலை இப்படி வைத்துக்கொள்வார் என்று மடக்கிக் காட்டினாள். அதே மடக்கு.

மணியடித்துவிட்டது. கூலி வரிக்கு எதிரே எண் போடவில்லை. அம்மாவுக்குக் கிலோவுக்கு எவ்வளவு என்று அண்ணனிடம் கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வியாழன்

தலைமையாசிரியர் கூப்பிட்டார். வணக்கங்கள் முடிய நேரமானது. பிறகு, “நேற்று வகுப்பு நன்றாக இருந்ததாம்” என்றவர், “நவம்பரில் அரசுத் தேர்வு, அதில் வானொலிப்பெட்டிதான் வரும்” என்றார். நியாயம். முதல் பத்து நிமிஷம் முந்திரி, மீதி நேரம் வானொலிப்பெட்டி என்று ஒத்துக்கொண்டோம்.

சாயங்காலம் துறைமுகம் வரை நடந்தேன். இந்த நகரத்தின் அகலத் தெருக்களும் ரவுண்டானாக்களும் 1940களின் கடைசியில் பிரிட்டிஷ்காரர்கள் வேர்க்கடலைத் திட்டத்துக்காகப் போட்டவை. தங்கள் ஊரின் எண்ணெய்த் தட்டுப்பாட்டைத் தீர்க்க இந்த மண்ணில் லட்சக்கணக்கான ஏக்கரில் கடலை போடுவதாக வந்தார்கள். மண்ணையும் மழையையும் சரியாகப் பார்க்கவில்லை. 1951இல் மூட்டை கட்டினார்கள். போன பணம் மூன்றரைக் கோடி பவுண்டுக்கு மேல். துறைமுகம் மட்டும் மிச்சம். அதில்தான் இப்போது முந்திரி ஏறுகிறது. வெளியூரிலிருந்து திட்டத்தோடு வருகிற யாரும், நான் உட்பட, ஒரு நடை வந்து பார்க்க வேண்டிய இடம்.

வெள்ளி

சந்தையில் வெங்காயம் விற்கிறவர் வழக்கம்போல இந்தியர் விலை சொன்னார். பேரம் பேசுவதற்குள் பக்கத்தில் கீரைக்காரம்மா குறுக்கிட்டு ஏதோ வேகமாகச் சொன்னார். ‘அம்மா’, ‘கொட்டை’, ‘டீச்சர்’ என்ற சொற்கள் மட்டும் எனக்குப் பிடிபட்டன. பின்வரிசைப் பெண்ணுக்கு இவர் சித்தியாம். விலை பாதியாக இறங்கியது. அது முடிந்ததும் வெங்காயக்காரர் புதிதாக ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்: அவ்வளவு தெரிந்தவள் என்றால், இங்கே ஒரு உடைப்பு ஆலை போடுவதற்கென்ன?

பக்கத்து வீட்டம்மாவின் பிறந்த ஊர் நேவாலா. மகோண்டே பீடபூமியின் விளிம்பு; அங்கிருந்து பார்த்தால் ரூவுமா ஆறும் அதற்கப்பால் மொசாம்பிக்கும் தெரியுமாம். அவருடைய அண்ணன் தோப்பில் கொட்டை பொறுக்க ஆள் போதவில்லை, நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பழைய செருப்பு, முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மேலே தண்ணீர் அரிது, அதனால் இரண்டு கேன் நாமே கொண்டுபோக வேண்டும். நாளைக் காலை 12 மணிக்கு பஸ். கேனை இப்போதே நிரப்பிவிட்டேன். தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலும் பைக்குள் போயாயிற்று. ஓட்டின் எண்ணெய் கையில் படுமுன் தடவிக்கொள்ள.